வடிகாலிலிருந்து ஈரநிலம் வரை: பாடாங் மேஹா வட்டாரத்தை முன்வைத்து அரசின் பாதுகாப்பு முயற்சிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில், பாடாங் செராய்க்கு அருகில் அமைந்துள்ள பாடாங் மேஹா, மலேசியத் தமிழருக்கு ஒரு தோட்டத்தின் பெயராகவும் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயராகவும் அறிமுகமானது. ஈரநிலப் பாதுகாப்பு எனும் பொருளுக்கும் இவ்வூருக்கும் என்ன தொடர்பு எனும் வினா எழுவது இயல்பே. 1994 முதல் 2016 வரை மலேசிய அரசு அனைத்துலக ராம்சார் பட்டியலில் சேர்த்த ஏழு ஈரநிலங்களுள் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது ஒன்றுமில்லை. எனினும், பட்டியலில் இடம்பெற்ற புகழ்மிக்க நிலங்களை மட்டும் வைத்து ஓர் அரசின் முயற்சிகளை மதிப்பிடுவது முழுமையாகாது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் ஒரு வட்டாரத்தில் அதே அரசு நீரையும் சேற்றையும் எவ்வாறு நடத்தியது என்பதையும் காணுதல் வேண்டும். தோட்டத் தமிழரின் வாழ்வு அந்தச் சேற்றோடும் நீரோடும் பிணைந்திருந்ததால், இது நம் சமூக வரலாற்றின் ஒரு பகுதியும் ஆகின்றது. இக்கட்டுரை அந்நோக்கிலேயே எழுதப்படுகின்றது.

சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது தெளிவு தேவைப்படுகின்றது. 'ஈரநிலம்' என்பது அண்மைக் காலத்தில் வழக்கிற்கு வந்த கலைச்சொல். தமிழ்நாட்டு வருவாய்த்துறை மரபில் ஈரமுள்ள நிலம் என்றால் அது 'நன்செய்'; அதாவது பாசனம் பெற்று வரி செலுத்தும் வயல். வரி தராத சதுப்பும் கழிவெளியும் 'புறம்போக்கு' எனும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டன. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நெடுங்காலம் குப்பை கொட்டும் இடமாக இருந்து, 2022ஆம் ஆண்டில்தான் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது என்பதை நினைவுகூர்ந்தால், பெயரிடலின் விளைவு எத்தகையது என்பது விளங்கும். மலாய்மொழியிலும் 'தானா பெஞ்சா', 'தானா லெம்பாப்' என இரு வழக்குகள் உள்ளன. மக்கள் வழக்கில் இவற்றினும் பழமையானது 'பாயா' எனும் சொல். லூனாஸ் அருகிலுள்ள பாயா பெசாரின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. அலோர் செத்தாரின் முதற்சொல்லும் நீரோடும் தடத்தையே குறிக்கும். கெடாவின் ஊர்ப்பெயர்களைத் தொகுத்தாலே மறைந்துபோன ஈரநிலங்களின் ஒரு வரைபடம் கிடைத்துவிடும் எனலாம்.

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கை இச்சொல்லுக்கு மிக விரிந்த பொருளைத் தந்தது. இயற்கையானதாயினும் செயற்கையானதாயினும், நிலையானதாயினும் தற்காலிகமானதாயினும், தேங்கியதாயினும் ஓடுவதாயினும், நன்னீராயினும் உவர்நீராயினும் அனைத்தும் அதனுள் அடங்கும். கடலிலும் வற்றுநிலையில் ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள பகுதி அதில் சேரும். இவ்வரையறையின்படி மூடா சமவெளியின் நெல்வயலும், தோட்டத்துப் பள்ளத்தில் தேங்கிய நீரும், தொழிற்சாலைக் கழிவைத் தேக்கிய குளமும்கூட ஈரநிலமே. 2008இல் தென்கொரியாவின் சாங்வொன் நகரில் கூடிய உறுப்பு நாடுகள், நெல்வயல்களை ஈரநில அமைப்பாக ஏற்றுத் தனித்தீர்மானமே நிறைவேற்றின.

வடித்தலே வளர்ச்சி எனக் கருதிய காலம்

கெடாவில் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கும் முயற்சி ஆங்கிலேயரால் தொடங்கப்பட்டதன்று. 1885ஆம் ஆண்டு முதல் மந்திரி வான் முகமது சமான் அலோர் செத்தாரிலிருந்து குனோங் ஜெராய் அடிவாரம் வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்திற்குக் கால்வாய் வெட்டுவித்தார். அப்போது கெடா சயாமின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்தது. அக்கால்வாயின் இருமருங்கிலும் இருந்த நீர்தேங்கு நிலம் நெல்வயலாயிற்று. போக்குவரத்திற்கும் அது பயன்பட்டது. ஆகவே, ஈரநில அழிவைக் காலனியத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்வழி கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தபின் மாறியது நோக்கமன்று. அளவும் வேகமுமே மாறின.

தென்கெடாவின் நிலை வடகெடாவினின்று வேறானது. இங்கு நிலம் சமவெளியாக இராமல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றது. மேட்டில் ரப்பர் நடப்பட்டது. ரப்பர் மரத்தின் வேர் நீர்தேங்குவதைத் தாங்காது. எனவே பள்ளங்களை நோக்கிக் கான் வெட்டுவது தோட்டம் திறக்கும் பணியின் இன்றியமையாத கூறாயிற்று. கான் வெட்டுதலும், வெட்டிய கானைத் தூர் வாருதலும் தோட்டத்துச் சில்லறை வேலைகளுள் அடங்கின. பால்மரம் வெட்டுவோரைப் பற்றி நம் இலக்கியம் நிறையவே பேசியுள்ளது. கான் வெட்டியோரைப் பற்றி அது பேசியது மிகக் குறைவு.

கான் வெட்டுவதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அது மலேரியாக் காய்ச்சல். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கொசுவிற்கும் மலேரியாவிற்கும் உள்ள தொடர்பை நிறுவிய நான்காண்டுகளில், சிலாங்கூர் கிள்ளானில் மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன் அவ்வறிவைச் செயற்படுத்தினார். 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் காய்ச்சலால் முடங்கியபோது, சுற்றியிருந்த சதுப்பிற்கு அணைகட்டி நீரை வடித்து அவர் நோயைக் கட்டுப்படுத்தினார். அதன்பின் சதுப்பு என்றாலே நோய், வடிகால் என்றாலே நலம் எனும் சமன்பாடு அரசு அலுவலகங்களிலும் தோட்டத்துரைமார் மனத்திலும் ஊன்றிவிட்டது.

ஆயினும், வாட்சனின் ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. 1911இல் வெளிவந்த அவரது நூலும் பிற்காலப் பணிகளும் ஒரு முரணை வெளிப்படுத்தின. கடலோரச் சமவெளியில் நிழல்படிந்த சதுப்பில் பெருகும் ஒருவகைக் கொசு நோயைப் பரப்பியது. அங்கே காட்டை அழித்து நீரை வடித்தால் நோய் குறைந்தது. மேடுபள்ளமான உள்நாட்டிலோ, தெளிந்த ஓடையில் வெயில்படும் இடத்தில் பெருகும் வேறொரு கொசுவே நோய்க்குக் காரணமாயிற்று. காட்டை அழித்ததும் ஓடைமீது வெயில் விழுந்தது, கொசு பெருகிற்று, நோய் குறைவதற்கு மாறாக மிகுந்தது. திறந்த கான் அங்கே பயன்படவில்லை. நிலத்தடிக் குழாய்களைப் பதிப்பதும் நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் வேண்டியதாயிற்று. கூலிம் வட்டாரம் போன்ற நிலத்திற்குப் பொருந்துவது இந்த இரண்டாவது பாடமே. நிழல் தந்த காட்டோடு கூடிய ஓடையே அங்கு காவலாக இருந்தது என்பதை அன்றைய நிருவாகம் தாமதமாகவே உணர்ந்தது. அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தோருள் பெரும்பாலோர் லயங்களில் வாழ்ந்த தமிழர்கள்.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். வடிகால் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. இன்றைய சுற்றுச்சூழல் உணர்வைக் கொண்டு அன்றைய வடிகாலைப் பழிப்பது, காய்ச்சலில் மடிந்த நம் முன்னோருக்கு நேர்மை செய்வதாகாது. குடியேற்ற வரலாற்றை எழுதிய கர்னைல் சிங் சந்துவும் (1969), சின்னப்பா அரசரத்தினமும் (1970), தோட்டச் சமூகத்தை ஆராய்ந்த ரவீந்திர ஜெயினும் (1970) தொழிலாளர் வரவு, உழைப்பு, சமூக அமைப்பு ஆகியவற்றையே மையமாகக் கொண்டனர். நீரின் வரலாறு இன்னும் நம் கவனத்திற்கு உரியதாகவே உள்ளது.

1932இல் பிரிட்டிஷ் அரசு ஒரு தனித் துறையை நிறுவியது. அதன் பெயரே 'வடிகால், நீர்ப்பாசனத் துறை'. பெயரில் வடிகால் முன்னிற்பது தற்செயலானதன்று என்பது நம் கருத்து.

பள்ளம் மறைந்த விதம்

ரப்பர்க் காலத்தில் மேடு மட்டுமே முதலாளிக்கு வேண்டியிருந்தது. ஆழமான பள்ளங்களில் நீர் எஞ்சியது. அங்கேதான் மாடு மேய்ந்தது, கீரை விளைந்தது, விராலும் கெளுத்தியும் பனையேறிக் கெண்டையும் பிடிக்கப்பட்டன. கூலி குறைந்த குடும்பத்திற்கு அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத ஒரு துணை வருவாய். 1960களிலிருந்து ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடிக்கத் தொடங்கியதும் இந்நிலை மாறியது. செம்பனை, ரப்பரைவிட ஈரத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் பயிர். அதுவரை விட்டுவைக்கப்பட்ட பள்ளமும் ஓடைக்கரையும் நடவுக்கு ஏற்றதாயின. தென்கெடாவில் இதனைத் தொடர்ந்து வந்தது நகரமயம். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா தொடங்கப்பட்டபின், தோட்டமாயிருந்த நிலம் தொழிற்சாலையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறும் போக்கு வலுத்தது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவதே வீடமைப்பின் முதல் வேலை.

வடக்கே மூடா சமவெளியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. உலக வங்கிக் கடனுதவியுடன் 1966இல் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம் மூடா, பெடு அணைகளைக் கட்டி, ஏறத்தாழ 96,000 எக்டேர் வயலில் 1970 முதல் இருபோகச் சாகுபடியை இயலச்செய்தது. அவ்வாண்டிலேயே மூடா வேளாண் மேம்பாட்டு வாரியமும் நிறுவப்பட்டது. உணவு உற்பத்தி பெருகியது உண்மையே. ஆனால், வயல் வற்றும் காலமும் நீர் நிறையும் காலமும் மாறியதோடு பூச்சிமருந்தும் சேர்ந்துகொள்ள, வயல்மீன் குறைந்தது. ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை இச்சமவெளியில் தங்கி ஆராய்ந்து எழுதிய நூல் வர்க்க உறவுகளைப் பற்றியது. ஆயினும் இயந்திரம் வந்தபின் ஏழைகள் இழந்தவை பற்றி அவர் காட்டும் சித்திரத்தைத் தோட்டத்துப் பள்ளத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம்.

சட்டம் முதலில் தொட்டது தோட்டத்தை

ஈரநிலப் பாதுகாப்பு எனும் பெயரை ஏற்பதற்கு முன்பே அரசு நீர்நிலைகளைக் காக்கும் சட்டத்தை இயற்றியது என்பது பலரும் கவனிக்காத செய்தி. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் முதலில் வந்த விதிகளுள் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கானவை (1977), ரப்பர்த் தொழிற்சாலைகளுக்கானவை (1978) ஆகியன அடங்கும். எண்ணெய் ஆலைக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை லிட்டருக்கு 5,000 மில்லிகிராமிலிருந்து படிப்படியாகக் குறைத்து 1984இல் 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவருமாறு விதி பணித்தது. ஆலைகள் வரிசை வரிசையாகக் குளம் வெட்டிக் கழிவைத் தேக்கி நொதிக்கவிட்டன. பால் உறைந்தபின் எஞ்சும் நீர் நேரே ஓடையில் கலந்த காலத்தை அறிந்தோர், இவ்விதி தோட்ட மக்களின் குளியலுக்கும் துவையலுக்கும் பயன்பட்ட நீரைக் காக்க வந்த முதல் அரசு முயற்சி என்பதை ஒப்புவர். நம் மதிப்பீட்டில், பின்னாளில் வந்த பெயர்பெற்ற கொள்கைகள் பலவற்றைவிட, தோட்டப்புற நீருக்கு நேரடியாக நன்மை செய்தவை இவ்விரு விதிகளே.

அடுத்து வந்தது 1988 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணை. ஈரநிலத்தை வடிப்பதாயின் 100 எக்டேரும் அதற்கு மேலும், கண்டல் காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதாயின் 50 எக்டேரும் அதற்கு மேலும் இருந்தால் மதிப்பீட்டறிக்கை கட்டாயம் என்றது அவ்வாணை. மேடுபள்ளமான நிலத்தில் ஒரு பள்ளத்துச் சதுப்பு 100 எக்டேரை எட்டுவது அரிது. எனவே, அப்பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிரப்பப்பட்டபோது சட்டம் மீறப்படவில்லை. அது தலையிட வேண்டிய நிலையே எழவில்லை. 2015இல் புதிய ஆணை வந்தது. பரப்பளவைக் கொண்டு வரம்பிடும் முறை அதிலும் தொடர்கின்றது.

ராம்சார் பட்டியலும் மாநில உரிமையும்

1987இல் மலேசிய ஈரநில விவரத்திரட்டு தொகுக்கப்பட்டது. 1994 நவம்பரில் பகாங் மாநிலத்தின் தாசேக் பெரா ஏரி, 38,000 எக்டேருக்கு மேற்பட்ட பரப்புடன், நாட்டின் முதல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. உடன்படிக்கை 1995 மார்ச் 10 முதல் மலேசியாவைக் கட்டுப்படுத்தியது. அவ்வேரியைச் சார்ந்து வாழும் செமெலாய் பூர்வகுடியினரின் வாழ்வும் அதன்வழி வெளியுலகின் கவனத்திற்கு வந்தது. 2003 ஜனவரியில் ஜோகூரின் தஞ்சோங் பியாய், பூலாவ் கூக்குப், சுங்கை பூலாய் ஆகிய மூன்றும், 2005இல் கூச்சிங் ஈரநிலமும், 2008இல் சபாவின் கீழ்க் கினாபாத்தாங்கான்-செகாமாவும், 2016இல் கோத்தா கினாபாலு ஈரநிலமும் சேர்ந்தன. 2004இல் தேசிய ஈரநிலக் கொள்கை வகுக்கப்பட்டது. புத்ராஜெயாவில் ஏரிக்குள் சேரும் நீரைத் தூய்மைப்படுத்த 1990களின் இறுதியில் அரசே ஈரநிலத்தைச் செயற்கையாக உருவாக்கியதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. வடிப்பதற்கென்றே துறை அமைத்த நாடு, இரண்டு தலைமுறைக்குள் பெரும் பொருட்செலவில் சதுப்பை அமைக்கலாயிற்று.

எனினும், கொள்கையை வகுப்பது மத்திய அரசு. நிலத்தை வைத்திருப்பது மாநில அரசு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை நிலம், காடு, ஆறு ஆகியவற்றை மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது. ராம்சார் பட்டியலில் இடம்பெறுவதால் மட்டும் ஒரு நிலம் உள்நாட்டுச் சட்டப் பாதுகாப்பைப் பெற்றுவிடுவதில்லை. 2018இல் ஜோகூர் அரசு பூலாவ் கூக்குப்பின் தேசியப் பூங்கா நிலையை நீக்கி அதனைச் சுல்தானக நிலமாக்க முற்பட்டபோது எழுந்த விவாதம் இவ்வுண்மையை நாடறியச் செய்தது. மாநிலத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. காட்டை வெட்டாமல் வைத்திருந்தால் மாநிலத்திற்கு வருவாய் இல்லை. ஊலு மூடா காட்டின் நீரைப் பினாங்கும் பயன்படுத்துவதால், அதற்கு இழப்பீடு வேண்டுமெனக் கெடா பலமுறை கோரியுள்ளது. 2019ஆம் ஆண்டிற்கான வரவுசெலவுத் திட்டத்தில் இயற்கைப் பாதுகாப்பிற்காக மாநிலங்களுக்கு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கி மத்திய அரசு இம்முடிச்சை அவிழ்க்க முதலடி எடுத்து வைத்தது. காலந்தாழ்ந்த அடியேயாயினும், நம் நோக்கில் அது எந்தப் பட்டியலையும்விடப் பயனுள்ளது.

மெர்போக்: கடாரத்தின் சேறு

கூலிம் மாவட்டத்தின் காராங்கான், செடிம் பகுதி நீர் மூடா ஆற்றைச் சேர்ந்து கோத்தா கோலா மூடாவில் கடலில் கலக்கின்றது. அதற்கு வடக்கே, சுங்கை பட்டாணி நகரின் ஆறு சென்று சேரும் மெர்போக் கழிமுகத்தில், ஏறத்தாழ 4,000 எக்டேர் கண்டல் காடு ஒதுக்கீட்டுக் காடாக உள்ளது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஓங் ஜின் இயோங் முதலியோர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த இக்காடு, சிறு பரப்பிற்குள் ஏராளமான கண்டல் இனங்களைக் கொண்டது எனும் சிறப்புடையது. இறால் பண்ணைகளும் குடியிருப்புகளும் அதனை நெருக்கியுள்ளன.

தமிழ் ஆய்வாளருக்கு மெர்போக் வேறு வகையிலும் நெருக்கமானது. பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லியல் இடங்கள் இக்கழிமுகத்தையும் மூடா ஆற்றின் கீழ்ப்பகுதியையும் ஒட்டியே அமைந்துள்ளன. பட்டினப்பாலை குறிக்கும் காழகமும், முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த கடாரமும் இந்நிலப்பரப்பே என்பது பெரும்பான்மையோர் கொள்கை. நாம் வகுப்பறையில் படையெடுப்பைக் கற்பிக்கின்றோம், துறைமுகத்தைக் கற்பிக்கின்றோம், அத்துறைமுகத்தைக் காத்ததும் பின்னர் மூடியதும் சேறே என்பதைக் கற்பிப்பதில்லை. மலைச்சரிவில் காடு அழிந்தபோது அரித்துவந்த மண் கடற்கரையை மேற்கே தள்ளியது. பழைய துறைகள் உள்நாட்டில் தங்கிவிட்டன என்பதை ஜேன் ஆலன் முதலியோரின் நிலவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. சுங்கை பத்துவில் 2009 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட இரும்பு உருக்குத் தடயங்களையும் இப்பின்னணியில் வைத்தே படித்தல் வேண்டும்; உலைக்கு விறகு காட்டிலிருந்து வந்தது. 2013இல் இப்பள்ளத்தாக்கின் ஒரு சண்டி தனியார் மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டபோது நம் சமூகம் கொதித்தெழுந்தது முறையே. அதே பள்ளத்தாக்கின் கண்டல் வெட்டப்பட்டபோது அத்தகைய குரல் எழவில்லை.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. மலேசியாவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பினாங்கிற்கு அடுத்து மிகுந்த இழப்பிற்கு உள்ளானது கெடா. கோத்தா கோலா மூடாவின் மீனவர் குடியிருப்புகள் சிதைந்தன. அதன்பின் மத்திய அரசு 2005 முதல் கடலோரங்களில் கண்டல் நடும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. கண்டல் அலையின் வேகத்தை எந்த அளவு தணிக்கும் என்பதில் அறிவியலாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், சட்டமும் கொள்கையும் பத்தாண்டுகளில் செய்யாததை ஒரு காலைப்பொழுது செய்தது. கண்டல் என்பது பயனற்ற சேறன்று எனும் கருத்து அரசு அலுவலகத்திலிருந்து கடலோரச் சிற்றூர் வரை பரவியது. உள்நாட்டுப் பள்ளங்களுக்கு அத்தகைய நிகழ்வு வாய்க்கவில்லை. 2003 அக்டோபரில் மூடா ஆறு பெருக்கெடுத்ததன்பின் மேற்கொள்ளப்பட்ட வெள்ளத்தணிப்புத் திட்டமும் கரையை உயர்த்துவதிலும் ஆற்றைச் சீரமைப்பதிலுமே கருத்தூன்றியது. நீரைத் தேக்கிவந்த மேல்நிலப் பள்ளங்களை மீட்பது அதன் எல்லைக்குள் வரவில்லை.

தேட வேண்டிய தடங்கள்

பாடாங் மேஹா போன்ற தோட்டங்களின் நீர் வரலாற்றை எழுதுவதற்குரிய சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. பழைய நில அளவைப் படங்களில் சதுப்பு தனிக்குறியீட்டால் காட்டப்பட்டுள்ளது. ஒரே இடத்தின் இருவேறு காலப் படங்களை அருகருகே வைத்தால் எது எப்போது வற்றியது என்பது தெரியவரும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் மாணவரின் தாத்தா பாட்டியர் நினைவில் பள்ளங்களுக்கும் கான்களுக்கும் தமிழில் வழங்கிய பெயர்கள் உள்ளன. அவற்றைத் திரட்டும் பணி ஆசிரியர்களால் மட்டுமே இயலும். அரசுத் தரப்புச் சான்றாக, 1882 முதல் 1943 வரை ஆண்ட சுல்தான் அப்துல் ஹாமிட் காலத்துக் கடிதத் தொகுப்பு உள்ளது. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட அத்தொகுப்பில் கெடா ஆட்சியின் அன்றாட நிருவாகம் பதிவாகியுள்ளது. அக்கடிதங்களுள் பெரும்பாலானவை ஜாவி எழுத்தில் அமைந்தவை. மலாய் வரலாற்றாசிரியர்கள் அவற்றைப் பலகாலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். தோட்ட வரலாற்றை ஆராயும் தமிழ் மாணவர்களுக்கு ஜாவி கற்பிக்கும் ஏற்பாட்டை இந்திய ஆய்வியல் துறைகள் இனியேனும் பாடத்திட்டத்தில் சேர்த்தல் வேண்டும்.